வடகரையில் ஒதுங்கிய செருப்புக் கப்பல்

எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் கம்ப்யூட்டர், காலையிலிருந்து எனக்குச் செருப்பாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ரப்பர் செருப்பில் செய்த சின்னக் கப்பல் என்று எழுதிக் கேட்டால், பாம்பன் பாலத்தை விடப் பெரிய கப்பலை வரைந்து அதன் உச்சியில் செருப்பு வாரைக் கட்டிவிடுகிறது. இன்னொன்றில் பூ வைத்த தோல் செருப்பு. கடையில் கல்யாண பேனர் மூன்று முடிக்காமல் கிடக்கிறது. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. நான் எழுதும் இங்கிலீஷைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கேட்டது உன் மகள். நீ மவுத்தாகி நாலு மாதம் கழித்து, போன வாரம் ஏர்வாடியிலிருந்து போன் செய்தாள். "மாமி, உம்மா சொல்லுவாங்கள்ல, இலங்கைக்குப் போன செருப்புக் கப்பல், அத ஒரு படமாப் போட்டுத் தாங்களேன்." ராமநாதபுரத்தில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கொடுப்பவள் நான். உங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை, அதனால் உனக்கென்று நான் ஒன்றுமே செய்யவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து நெஞ்சுக்குள் ஒரே குடைச்சல்.

ஏனென்றால் அந்தக் கப்பல் இலங்கைக்குப் போகவில்லை. உன்னிடம் நான் மறைத்தது அது ஒன்றுதான்.

பாம்பனில் நாம் ஐந்தாவது படித்தபோது, உன் இடது கால் செருப்பைத்தான் பலி கொடுத்தோம். குதிகால் தேய்ந்த வெள்ளைச் செருப்பு, நீல வார். எங்கள் அம்மா மீன் அரியும் அரிவாள்மனையில் முனையைக் கூராக்கி, ஈர்க்குச்சி குத்தி, கிழிந்த குடைத் துணியில் பாய் கட்டினோம். பாலத்துக்குக் கீழே விட்டுவிட்டு, அது போய் ஒதுங்கும் கரைக்கு ஓடிப் பிடிப்பதுதான் விளையாட்டு. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். எந்தப் பக்கம் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"வாடைக் காத்து ஆரம்பிச்சிருச்சுடி. தெக்கதான் போகும்" என்றேன்.

நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். "காத்தப் பாக்காத. பாசியப் பாரு, வடக்க போகுது."

எனக்குச் சுருக்கென்றது. நான் கடலுக்குப் போகிறவர் மகள், நீ துணிக்கடைக்காரர் மகள். "கடலப் பத்தி எனக்கு நீ சொல்லித்தாரியா?" என்று உன் கையைப் பிடித்துத் தென்கரைக்கு இழுத்துப் போனேன். வாடை தொடங்கிய புதிதில் காற்று மாறிவிடும், தண்ணீர் மாற இன்னும் சில நாள் பிடிக்கும். அய்யா எத்தனையோ தடவை வீட்டில் சொன்ன விஷயம்தான், வீம்பில் மறந்துபோனது. பொழுது சாயும்வரை நின்றோம். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் நீ அடி வாங்கினாய்.

மறுநாள் காலை வடகரையில், பாசிக்குள் தலைகுப்புறக் கிடந்தது. பாய்கூடக் கழலவில்லை. எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. கொடுத்தால் நீ சொன்னது சரி என்றாகிவிடுமே! எங்கள் ஆட்டுக்கொட்டில் கூரைக் கீற்றுக்குள் அதைச் செருகிவிட்டு, பள்ளிக்கூடத்தில் உன்னிடம், "இந்நேரம் இலங்கைக்கே போயிருக்கும்டி" என்றேன். நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "போயிருக்கும், போயிருக்கும்" என்று சிரித்தாய். அதை ஊரெல்லாம் கதையாகச் சொன்னதும் நீதான். உன் நிக்காஹ் அன்று வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இலங்கைக்குக் கப்பல் விட்டவ இவ" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இன்று மத்தியானம் ஒரு படம் அச்சு அசலாக வந்தது. அதே நீல வார், குடைத் துணிப் பாய், எதிரே இலங்கைக் கரை. அனுப்பப் போனேன், கை வரவில்லை. என் பொய்யை இந்த மெஷின் இவ்வளவு அழகாக வரைந்து கொடுத்தது பிடிக்காமல் அழித்துவிட்டேன். வடகரை, பாசி, தலைகுப்புற என்று புதிதாக எழுதினேன். வந்ததை அனுப்பி, "இலங்கைக்குப் போகலம்மா, இங்கனதான் ஒதுங்குச்சு" என்று போட்டேன்.

உடனே கூப்பிட்டாள். "நல்லாருக்கு மாமி. ஆட்டுக்கொட்டில் கூரையில சொருகி இருக்கிற மாதிரியும் ஒண்ணு போடுங்க."

கொட்டிலைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யாரு சொன்னா?" என்றேன்.

"உம்மாதான். அன்னைக்கு உங்களப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வந்தாங்களாம். நீங்க சொருகுனத வேலி ஓரத்துல நின்னு பாத்தாங்களாம். 'அவளாச் சொல்லட்டும், அதுவரைக்கும் இலங்கையிலயே இருக்கட்டும்'னு சொல்லுவாங்க."

பாவி, நீ ஏன் கேட்கவில்லை? ஒரு தடவை கேட்டிருந்தால் சண்டை போட்டு, அழுது, அன்றைக்கே முடித்திருப்பேனே. வராது என்று தெரிந்தே தென்கரையில் என்னோடு பொழுது சாயும்வரை நின்றவள் நீ. அதற்குப் பிறகும் அப்படியே நின்றிருக்கிறாய்.

கொட்டில் படம் வந்துவிட்டது. கீற்றுக்குள் நீல வார் தெரிகிறது. பேனர் கேட்ட கல்யாண வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து திட்டிவிட்டுப் போனார். வேலி ஓரம் வெறிச்சென்று கிடந்ததால், அங்கே ஒரு சின்னப் பெண்ணின் வெறுங்கால்கள் என்று சேர்த்து எழுதினேன். முகம் கேட்கவில்லை, கால் போதும். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் இப்போது சொல்கிறேன்: நீ சொன்னதுதான் சரிடி. தண்ணீர் வடக்கேதான் போனது.