ஏப்ரன் கழற்றிய முதலாளி

2017 பங்குனி 7, செவ்வாய்

மழை. முழங்கால் உளைவு. எண்ணெய் பூசியும் போகவில்லை.

காலையில் தபால்காரனுக்கும் சொல்லியாயிற்று: பேத்தி ஆரணி லியோனில் மருந்தியல், இரண்டாம் வருடம், வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள். பேரன் கவின் சோதனையில் நல்ல புள்ளி, ரயில் என்ஜின் படிக்கப் போகிறானாம். லண்டனில் மகனின் சின்னவளுக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள். போதும், கண் பட்டுவிடும்.

பத்து மணிபோல் கடைக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. கையில் கோப்பு. கோப்பைக் கண்டால் எங்கள் கடையில் நடக்கிறதுதான் நடந்தது. மகள் சுகந்தி ஏப்ரனைக் கழற்றி மா மூட்டைக்குப் பின்னால் எறிந்தாள், குடையைக் கையில் எடுத்துச் சாமான் வாங்க வந்தவள் ஆனாள். இடியப்பம் பிழிகிற வதனி பின்கதவால். நான் கிழங்கு உரித்த கத்தியை வைத்துவிட்டுக் கூடையோடு வரிசையில். மருமகன் ரவியைப் பார்த்து, முன்பின் தெரியாத கடைக்காரரைக் கூப்பிடுவதுபோல், "ரெண்டு ரோல்ஸ் தாங்கோ மிஸ்யூ" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றித் தந்தார்.

கேட்டதற்கெல்லாம் அவர்தான் பதில். முதலாளி நான்தான், ஓம், ஓம். எழுதிக்கொண்டு போனாள்.

ரோல்ஸை நானே சாப்பிட்டேன். உப்பு குறைவு.

9, வியாழன்

வெயில், ஆனால் குளிர். கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து வருகிற சனம் இன்று குறைவு.

சுகந்தி நகரசபை அலுவலகம் போய்வந்தாள். முதியோருக்கான மத்தியானச் சாப்பாடு சமைக்கிற வேலையை வெளிக் கடைகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அந்த மாதிரி வேலை எடுக்கக்கூடிய பெண்களின் வியாபாரம் எத்தனை என்று தெருத் தெருவாக எண்ணுகிறார்களாம்; செவ்வாய் வந்த பெட்டை அதற்குத்தானாம். எண்ணிக்கையில் வந்தவர்களைக் கூப்பிட்டு, விண்ணப்பிக்கிற விதம் சொல்லித் தருவார்கள். எந்த ஊர், என்ன நிறம் என்று எழுத இங்கே சட்டம் விடாதாம். ஆணா பெண்ணா என்று எழுதலாம்.

பகல் வேலை. கிடைத்தால் சனி ஞாயிறு கலியாண மண்டபச் சமையலை விடலாம். அவளுடைய வலது கை இப்போது தோளுக்கு மேல் எழும்புவதில்லை.

வந்து கதிரையில் இருந்தாள். சப்பாத்தும் கழற்றவில்லை.

"எங்கட தெருவில பொம்பிளையளின்ர கடை ஒண்டும் இல்லையாம் அம்மா. அண்டைக்கு நிண்ட பொம்பிளையள் எல்லாம் சாமான் வாங்க வந்தவையாம்."

கடைப் பதிவு தொடக்கத்திலிருந்தே அவளுடைய பெயரில்.

ரவி: "நீ ஏன் ஏப்ரனைக் கழட்டினனி?"

"நீங்கள் ஏன் முதலாளி எண்டனீங்கள்?"

"கார்ட் பாக்கிற கொன்ரோல் எண்டு நினைச்சன்."

"நானும்தான். விசாக் கார்ட் இல்லாமல் அங்கை இஞ்சை வேலை செய்த பழக்கம். கை தன்ர பாட்டில கழட்டீட்டுது."

"மாமி வேற என்னை மிஸ்யூ எண்டவா."

ஒருவரும் சிரிக்கவில்லை.

திங்கள் வரை எண்ணுவார்களாம். அந்தப் பெட்டையைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறாள் சுகந்தி.

13, திங்கள்

வாங்க: பால், தலையிடிக் குளிசை, கறிவேப்பிலை (ஆனை விலை).

பெட்டை வந்தாள். வதனி பின்கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். சுகந்தி ஏப்ரனோடு நின்றாள், இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி. ரவி வெளியே போய்க் கண்ணாடிக்கு அப்பால்.

பதிவைக் காட்டியது சரி. பிறகு கேள்வி. இவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும்: ஒவ்வொரு நாளும் எண்பது பேருக்குச் சமைக்க முடியுமா?

போன சனி ஓல்னே-சூ-புவா மண்டபத்தில் முந்நூறு பேருக்குச் சமைத்தவள். தலையைக் குனிந்து, சின்னக் கடைதானே, ஏதோ பார்ப்போம் என்கிற மாதிரிச் சொன்னாள். ஏலும் என்று நிமிர்ந்து சொன்னால் லெவல், பெருமை அடிக்கிறாள் என்பார்கள் என்று வளர்த்தது நாங்கள்தான். பேனை 'இல்லை' பக்கம் போனது.

என் வாயில் பிரெஞ்சு வரவில்லை. கண்ணாடியில் தட்டினேன். ரவி உள்ளே வந்தார். எண்பது பேருக்கு ஏலுமோ என்று கேட்கிறாள் என்றேன். அவர் பெட்டைக்கு மூன்று விரலைக் காட்டி, முந்நூறு பேர், போன சனி, சமைத்தது இவ என்றார். அப்போ நீங்கள் யார் என்றாள் பெட்டை.

"நான் சட்டி கழுவுறனான்."

சுகந்தி அவரையே பார்த்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பிறகு தானே சொன்னாள், பிரெஞ்சில், நேராக: எண்பது ஏலும்.

பேனை திரும்பியது.

17, வெள்ளி

மப்பு. தோடு தொலைந்தது, கட்டிலுக்குக் கீழே அகப்பட்டது.

போன் வந்தது. எண்ணிக்கையில் சேர்த்தாயிற்று. வேலை கிடைக்கும் என்று இல்லை. விண்ணப்பம் ஆடிக்குப் பிறகுதான், பெரிய கம்பனிகளும் வருமாம். வதனி கேட்கிறாள், "எண்ணினாப்போல உலை கொதிச்சிடுமோ அக்கா?" நாளைக்கும் மண்டபம். சுகந்தி வெங்காயம் உரிக்கிறாள், கையை மாற்றி மாற்றி.

நகரசபைப் புத்தகத்தில் போட முதலாளியின் படம் வேண்டுமாம். தேடினோம். சுவர் முழுக்கப் பிள்ளைகள். பதக்கம், பட்டம், பிறந்தநாள். சுகந்தி ஒன்றிலும் இல்லை. கவினின் கேக்குக்குப் பக்கத்தில் ஒரு கை மட்டும்.

ஆரணிக்குச் சொல்ல: ஞாயிறு வரும்போது அம்மாவைக் கடை வாசலில் வைத்துப் படம் எடு. ஏப்ரனோடு. நகரசபைக்கு ஒன்று. எனக்கு ஒன்று பெரிதாக, போனில் வேண்டாம், கடதாசியில், லியோன் போனதும் தபாலில் போடு. சுவரில் உன் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிட்டேன், கோவிக்காதே. அம்மாவின் படத்தைக் கெதியாய் அனுப்பு.