சிவப்பு டேப்பு வரை தண்ணீர்

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வருகிற அந்த வாடை இன்று காலை மறுபடியும் முகத்தில் அடித்தது. மழை விட்ட மறுநாள் எங்கள் கடியப்பட்டணத்துப் பாறைகளில் வீசுகிற அதே பாசி வாடை. இரண்டு வருடமாகத் தினமும் திறந்து மீனுக்குத் தீனி போட்டு மூடுகிறவள்தான். ஆனால் இன்று கையில் ஒரு பாலிதீன் பை இருந்தது. அதற்குள் தண்ணீரில், பன்னிரண்டு மொட்டுகள் ஒட்டிய ஒரு சின்னக் கல். சென்னையிலிருந்து வந்த மென்பவளம். வாங்கிவிட்டேன், கேட்டியளா.

"பையோட மெதக்க விடு. சூடு ஒத்துப் போகட்டு" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. நானே மிதக்க விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தால் என் நினைப்பு வேறு எங்கே போகும்?

குலசேகரத்து ரப்பர் தோட்டத்துக்காரருக்குக் கடல் மேல் இப்படியொரு கிறுக்கு ஏன் என்று கல்யாணமான புதிதில் எனக்கு விளங்கவே இல்லை. உங்களுக்கு நீந்தத் தெரியாது. வள்ளத்தில் ஏற்றினால் வாந்தி எடுப்பீர்கள். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீசியனாக இருந்தபோது அங்கிருந்த பெரிய மீன் தொட்டிக்கு மோட்டார் மாட்டப் போய், அதன் முன்னால் மயங்கி நின்றவர் நீங்கள். ஊரோடு வந்ததும் தக்கலை வீட்டில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. அதற்குள் இரண்டு ஆரஞ்சு மீனும், பூப்போல விரிகிற ஒரு பச்சைப் பவளமும். வாளித் தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்கிக் கொண்டிருப்பீர்கள்.

"பத்து மைல்ல கடல் கெடக்கு, அத்தான் வாளியில வேற கடல் உண்டாக்குகாரு" என்று என் தம்பி சிரிப்பான். நானும் விடமாட்டேன். "எங்களுக்குக் கடல் மீனைக் கொழம்பு வைக்கத்தான் தெரியும்" என்பேன்.

"ஏட்டி, கையில புளியோட அங்கோட்டு போகாத. அதுக பேடிச்சுக் கல்லுக்கடியில ஒளியும்" என்பீர்கள்.

கண்ணாடியில் நீங்கள் ஒட்டிய சிவப்பு இன்சுலேஷன் டேப்பு இன்னும் இருக்கிறது. தண்ணீர் வற்றி அதற்குக் கீழே இறங்கினால், ஃபில்டர் தண்ணீரை ஊற்றி அதுவரை நிரப்ப வேண்டும். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று மாத்திரைச் சீட்டை மறந்துவிட்டு, காரில் ஏறும்போது இதைத்தான் இரண்டு தடவை சொன்னீர்கள்.

கடற்கரையில் பிறந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. கடலில் கிடக்க வேண்டிய உயிருக்குக் குடிக்கிற தண்ணீரா? நீங்கள் இல்லாத நேரத்தில் அதற்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று, தம்பியை வள்ளத்தில் அனுப்பி, கரை தாண்டித் தெளிந்த கடல் தண்ணீராகக் கேன் கேனாக மொண்டு வரச் சொன்னேன். டேப்பு வரை தினமும் அதை ஊற்றினேன். சாமிதோப்பு வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உப்பளம் பார்த்தவள்தான் நான். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே கிடக்கும் என்று அப்போது உறைக்கவில்லை. உப்பின் மேல் உப்பாக ஊற்றி, இரண்டு வாரத்தில் உங்கள் பச்சைப் பவளத்தைக் கொன்றேன். ஆரஞ்சு மீன் இரண்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் உங்களோடு உங்கள் அண்ணன் நின்றார். நான் காலையில் பஸ் ஏறி வந்து சாயங்காலம் திரும்புவேன். போனவுடன் முதல் கேள்வி அதுதான். "விரிஞ்சுதா ஏட்டி?"

"நல்லா விரிஞ்சி நிக்கு" என்றேன். போனில் இருந்த பழைய வீடியோவைக் காட்டி, காலையில் எடுத்தது என்று வேறு சொன்னேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய், இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தீர்கள்.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "புதுசா ஒண்ணு வாங்கணும், கேட்டியா. வாங்குனா ஒடனே வெளிச்சத்துல வைக்காத. அடியில வச்சு, பையப் பைய மேல ஏத்து."

"மொதல்ல நீங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். நீங்கள் வரவில்லை.

அந்தப் பொய் இத்தனை நாளும் தொண்டையில் மீன் முள்ளாகவே நின்றது. மாதா கோவில் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன். "பவளமா?" என்று சாமியார் இரண்டு தடவை கேட்டார். பாவம், அவர் என்ன செய்வார்?

இன்று பை மிதந்துகொண்டிருந்தபோது, நிறம் ஒத்துப் பார்க்கலாம் என்று அந்த வீடியோவைத் திறந்தேன். பவளம் விரிந்து ஆடுகிறது. கண்ணாடியின் வலது மூலையில் ஒரு நிழலும் ஆடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுக்கிற எனக்குப் பின்னால் நீல லுங்கியில், கையில் சாயா தம்ளரோடு, நீங்கள்.

அன்று நீங்கள் விரலால் இழுத்தது அந்த மூலையைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஆள் அன்று காலையில் வீட்டில் நின்று சாயா குடித்திருக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா? பார்த்துவிட்டுத்தான் கொள்ளாம் என்றிருக்கிறீர்கள். பார்த்துவிட்டுத்தான் புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. தெரிந்ததும் ஒரு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதா? உங்கள் வாயால் ஒரே ஒரு ஏச்சு வாங்க இப்போது எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?

நீங்கள் செய்வது போலக் கையுறை போட்டுத்தான் கல்லை எடுத்தேன். வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்து, அடியில் வைத்திருக்கிறேன். சிவப்பு டேப்பு வரை ஃபில்டர் தண்ணீர்தான், சத்தியமாக. தம்பி கேனோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

விரிஞ்சுதா ஏட்டி என்று கேட்பீர்கள். இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, பன்னிரண்டும் இன்னும் மூடித்தான் கிடக்கின்றன. இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுகிறேன்.