கலக்காத பெயிண்ட்

மார்ச் 4

இன்று முழுவதும் துரு சுரண்டினேன். பழைய ராணுவத் தண்ணீர்க் குடுவைகள். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

குண்டுப் பெட்டியில் பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்ததற்கு நான்தான் காரணமாம். பிரைமர் காய்வதற்குள் மேல் பூச்சு அடித்தது அண்ணன். ஆனால் பெரியப்பாவிடம், "இவதாம்பா அடிச்சா, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று வாய் கூசாமல் சொன்னான். பெரியப்பா என்னிடமிருந்து ஸ்ப்ரே கன்னை வாங்கித் தன் மகனான அவனிடமே கொடுத்துவிட்டார். பள்ளியை விட்டு, பழைய ராணுவச் சாமான்களைப் புதுப்பிக்கும் இந்தப் பட்டறைக்கு வந்த பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மார்ச் 5

அம்மாவிடம் சொன்னேன். "பெரியப்பா நிழல்ல இருக்கோம். பொறுத்துப் போடி." போகிறேன், போகிறேன்.

மார்ச் 9

ஓர் அம்மா தன் அப்பாவின் இரும்புத் தொப்பியைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி வந்தார். பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிட்டு அவர் போனதும் பெரியப்பா சொன்னார்: "மேட் பெயிண்ட்தான். சண்டைக்குப் போறவன் தலை மின்னக் கூடாது. மின்னினா எதிரி அங்கதான் சுடுவான்."

அண்ணன் அடிப்பான். பெயிண்ட் கலக்கிக் கொடுப்பது மட்டும் இன்னும் என் வேலை.

மேட் பெயிண்டில் பளபளப்பைக் கொல்லும் பொடி டப்பாவின் அடியில் தங்கிவிடும். குச்சியை அடி வரை விட்டுக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலாக ஊற்றினால் மின்னும். ஈரத்தில் தெரியாது, காய்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அண்ணனுக்கு இது தெரியாது. அவன் என்றைக்கு டப்பாவைக் கலக்கினான்?

மார்ச் 11

கலக்கவில்லை.

மார்ச் 12

காய்ந்துவிட்டது. எண்ணெய் தடவிய மொட்டைத் தலை மாதிரி மின்னுகிறது! அண்ணன் பேயறைந்தவன் போல நின்றான். பெரியப்பா வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தார் — கூடவே அந்த அம்மாவும். தொப்பியைப் பார்த்ததும் அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா சண்டைக்கே போனதில்ல. அணிவகுப்புல போறவரு. தினமும் துடைச்சு இப்படித்தான் வச்சிருப்பாரு. நான் சொல்லவே இல்லையே, உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். பிறகு, "பார்த்தாலே தெரியும்மா" என்றான்.

பெரியப்பா அவன் தோளைத் தட்டினார்.

சே! நான் வாங்க நினைத்த பழியைக்கூடத் திருடிட்டான்.

மார்ச் 17

பெரியப்பா சரக்கு பார்க்க வெளியூர் போயிருக்கிறார். சேகரிப்பாளர் ஒருவர் போர்க்களத் தொப்பிகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறார். அண்ணன் இப்போது பெரிய நிபுணன். "எல்லாம் பளபளப்புதான். அன்னிக்குப் பார்த்தே இல்ல, அந்தம்மா கண்ணு கலங்கிடுச்சு." பிறகு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்றான். இதுவரை என்னிடம் எதையும் கேட்டவனில்லை.

தலையாட்டினேன்.

அவன் கேட்ட பெயிண்டைக் கட்டியில்லாமல் கலக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 21

சேகரிப்பாளர் வந்தார். "இதப் போட்டுக்கிட்டு எங்க பதுங்கறது? இதுல முகம் பார்த்து சவரம் பண்ணலாம்!"

பெரியப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டுடா அடிச்சே?"

"இவகிட்ட கேட்டேன்பா. சரின்னு தலையாட்டினா. சத்தியமா!"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வாயில்லாப் பூச்சி மேலயா பழியைப் போடறே? வெக்கமா இல்ல?"

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. அவன் வாய் திறந்து திறந்து மூடியது. தொண்டையில் எந்த இடத்தில் அது நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 22

ஸ்ப்ரே கன் மறுபடி என்னிடம். அண்ணன் தொப்பிகளைச் சுரண்டுகிறான். விரலில் துணி சுற்றியிருக்கிறான். மதியம் முதல் தொப்பியை முடித்து, பேசாமல் என் முன்னால் வைத்தான். விளிம்பில் ஒரு துளி பளபளப்பு மிச்சம் இருந்தது. மேட் அடித்தால் மறைந்துவிடும் அளவுதான்.

அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.