பிப்ரவரி ஆறாம் தேதிப் பரீட்சை

டாக்குரியா,
22.1.2003

என் செல்லம் மேக்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு மட்டும் இருமல். ஊரே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு திரிகிறது, இவர் மட்டும் மஃப்ளர்கூட இல்லாமல் கார்டன் ரீச் ஆபீஸுக்குப் போனால் வேறென்ன வரும்?

உன் கடிதம் படித்ததும் உன் மேனேஜர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டேட்டாபேஸ் கோர்ஸுக்கு அனுப்பினால் படித்துவிட்டு வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவாய் என்றாராமே! ஓடுகிறவள் படிக்காமலும் ஓடமாட்டாளா என்று கேட்க வேண்டியதுதானே. கோர்ஸ் தராவிட்டால் போகட்டும், அந்த வேலையையாவது கேட்டு வாங்கிச் செய்யச் சொல், கை பழகாத படிப்பு நிற்காது என்கிறார் அப்பா. நீயும் உன் ரூம்மேட் சங்கரியும் ஒரே புத்தகத்தைக் காலையில் ஒருத்தி, இரவில் ஒருத்தி என்று முறைவைத்துப் படிப்பதை மாடிவீட்டு வங்காளி அண்ணி, நம் மிதா பௌதியிடம் நாலு தடவை சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் நீ செய்த காரியத்தைப் பார். ஒரே ஒருநாள்தான் லீவு தருவார் என்றதும் தமிழ்க் காலண்டரில் ராகுகாலம் எல்லாம் பார்த்து பிப்ரவரி ஆறாம் தேதி காலை டேட்டாபேஸ் பரீட்சைக்குப் பதிந்துவிட்டாய். இங்கே சமையலறையில் தொங்கும் வங்காளிக் காலண்டரில் அன்றைக்கு சரஸ்வதி பூஜையடி! நவராத்திரியில் நம்முடையது, தை மாதத்தில் இவர்களுடையது என்று வருஷத்தில் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்தவள் எப்படி மறந்தாய்? அன்றைக்கு எழுத்தைத் தொட்டால் மா சரஸ்வதி கோபித்துக்கொள்வாளே, தேதியை மாற்றச் சொல்லுங்கள் என்று பௌதி பதறிவிட்டாள். பெங்களூரில் அது வெறும் வியாழக்கிழமை என்று அப்பா சிரிக்கிறார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. தேதியை மாற்றினால் இன்னொரு லீவுக்கு அந்த மனிதரிடம் மறுபடி நீ கெஞ்ச வேண்டும், அவர் தரவும் மாட்டார், இத்தனை நாள் கண்விழித்ததெல்லாம் வீணாகும்.

அதனால் நீ போய் எழுது. போகும்முன் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டிக்கொள், நான் சொன்னேன் என்று வைத்துக்கொள். தேறி, பேரோடு நூறு வயசு இரு. வெறும் வயிற்றோடு போகாதே, இரண்டு இட்லியாவது சாப்பிடு. நான் அன்று சரஸ்வதி பந்தலில் பூப்போட்டு, படிக்கச் சொன்னது இவள் அம்மா நான்தான், கோபமிருந்தால் என்னிடம் காட்டு, பிள்ளையை விட்டுவிடு என்று அவளிடம் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ராஜம்