வடிகட்டிய தண்ணீர்

அக்டோபர் 24, வெள்ளி

தசரா லீவு முடிந்து மறுபடியும் பள்ளிக்கூடம். தம்பி டேரில் இன்னும் ஆஸ்பத்திரியில். பாலைவனத்தில் நடக்க வேண்டும் என்று ராஜஸ்தானுக்கு இழுத்துப் போனது நான். வழி தவறினோம், தண்ணீர் தீர்ந்தது, அவன் ஒரு முள்மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டான். இரண்டு மணி நேரம் அலைந்து ஒரு கிணற்றைக் கண்டுபிடித்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். சாயங்காலம் ஆடு மேய்க்கிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

அவன் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். பெங்களூரில், எங்கள் காக்ஸ் டவுனில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்கா கொடுத்த தண்ணீரால்தான் பிழைத்தானாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

பயணப் பையை இன்றுதான் பிரித்தேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய வடிகட்டும் பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கிணற்றடியிலேயே கரித்தது. பாட்டிலில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டு போர் தண்ணீரும் கரிக்கும்தான், ஆர்.ஓ. மெஷினில் விட்டால் உப்பு போய்விடும், குடிக்கலாம். ஆனால் இது அந்த மெஷின் இல்லையே. அழுக்கை மட்டும்தான் பிடிக்கும். வடிகட்டிய பிறகு நான் தொடவே இல்லை, எல்லாம் அவனுக்கே இருக்கட்டும் என்று — ஐயோ, ஒரு வாய் நான் ஏன் குடிச்சுப் பாக்கல?

கரைந்த உப்பை வடிகட்டிப் பிரிக்க முடியாது. பன்னிரண்டு வருஷமாக போர்டில் எழுதிப்போடுகிறேன். பெரிய கெமிஸ்ட்ரி மிஸ்.

அக்டோபர் 27

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். உப்புத் தண்ணீர் கெடுதலைக் கூட்டியிருக்கும் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

நவம்பர் 5, புதன்

அம்மா சொன்னார்: "பாஸ்டர்கிட்ட பேசிட்டேன் பிரிஸி. வர்ற சண்டே நீதான் சாட்சி சொல்லணும். கர்த்தர் உனக்குக் கிணத்தைக் காட்டினாருன்னு."

சரிம்மா என்றேன். சபை முன்னால் நின்று என்ன சொல்லப்போகிறேன்?

நவம்பர் 8, சனி

டயாலிசிஸ். பக்கத்தில் உட்கார்ந்து டேரிலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா. அப்பவே கரிச்சுது."

"அப்புறம் ஏன்டா குடிச்ச?"

"உதடெல்லாம் வெடிச்சு நின்னுட்டிருந்த. நான் வேணாம்னா நீ மறுபடி தேடப் போயிருப்ப."

பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சாட்சி சொன்னேன். கிணறு வரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா அழுதார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இனி பொறுத்துப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது. காலையில் அளந்து அவன் பாட்டிலில் ஊற்றுவது என் வேலை. ஊற்றுவதற்கு முன் டம்ளரில் கொஞ்சம் எடுத்து நான் குடித்துப் பார்க்கிறேன். தினமும். டேரில் பார்த்தும் பார்க்காத மாதிரி பேப்பரைப் புரட்டுகிறான்.