பந்தியில் இல்லாத முட்டை

புரட்டாசிச் சனிக்கிழமை, இரவு

எரிச்சல் அடங்கவில்லை. அன்றாடப் பொருளாதாரம் பேசுகிறவன் என்று என்னை யூடியூபில் பார்த்து, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புரட்டாசியில் முட்டை விற்பனை படுத்துவிடுகிறதே, என்ன செய்யலாம் என்று கேள்வி. "முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், அப்புறம் ஊரைச் சாப்பிடச் சொல்லலாம்" என்றேன். ஒரே கைதட்டல்.

பந்தியில் உட்கார்ந்தால் ஒருவர் இலையிலும் முட்டை இல்லை. பக்கத்திலிருந்த சங்கத் தலைவரிடம் கேட்டேவிட்டேன்.

"புரட்டாசிச் சனிக்கெழமைங்க, நாங்க எப்படிங்க சாப்புடறது? உங்களுக்குன்னு தனியா வேக வெச்சிருக்கோமுங்க" என்று என் இலையில் இரண்டு முட்டைகளை வைத்தார்.

பந்தியே என்னைப் பார்த்தது. நானும் காலையில் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தேன். கை போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

அவர் சிரித்திருந்தாலாவது தேவலை. "எங்களுக்கும் அப்படித்தானுங்க" என்று எனக்கு ரசம் ஊற்றச் சொன்னார்.