படையலில் வைத்த பாட்டில்

என் அப்பாவுக்கு,

செத்தவங்க மேல கோபப்படக் கூடாதும்பாங்க. நீங்க போய் நாலு மாசமாச்சு, எனக்கு இன்னும் அடங்கலைப்பா. இந்தக் கடுதாசி உங்களுக்குத்தான். ஆனா அண்ணன்மார் ரெண்டு பேரும் படிக்கட்டும்னே நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடப் போறேன்.

உங்க பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததைக் கேளுங்க. தலைவாழை இலையில் சோறு, வெஞ்சனம் எல்லாம் வச்சு முடிச்ச நேரம், பெரியண்ணன் பையிலிருந்து ஒரு ரம் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகி, டம்ளர்ல ஊத்தி, இலை ஓரத்தில் வச்சான். "எங்கப்பாவுக்குப் பிடிச்சது"ன்னு சொன்னான். நெசமாவே அழுதான். அதைத்தான் என்னால தாங்க முடியலை.

ஆயுசுல ஒரு சொட்டு குடிச்சிருப்பீங்களா நீங்க? பட்டாளத்தில் பனிமலைக் காவல்ல நின்னு ரெண்டு கால்விரலைப் பறிகொடுத்த மனுசன். அங்க குளிருக்குக் குடுத்த ரம்மைக்கூடப் பக்கத்தில் நின்னவர்கிட்டத் தள்ளிவிட்டுட்டு டீ குடிச்ச ஆளு. லீவுக்கு வந்தா வீட்டை விட்டு நகர மாட்டீங்க. அம்மாவுக்குத் தண்ணி இறைச்சுக் குடுத்து, என் தலையைப் பின்னிவிட்டு, அண்ணன்மாருக்குச் செருப்புத் தச்சுக் குடுத்து, அதுலயே லீவு தீர்ந்துபோகும்.

"எப்பய்யா அவரு குடிச்சாரு?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"மாசாமாசம் மிலிட்டரி கேண்டீன்ல வாங்குனாருல்லம்மா? அவரு குடிச்சது போக மிச்சத்தைத்தான எங்களுக்குக் குடுத்தாரு?"ன்னான் சின்னண்ணன்.

அடப்பாவிகளா! மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை ஆனா ஒருத்தன் திண்டுக்கல்லிருந்தும் இன்னொருத்தன் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வந்து, ஆளுக்கு ரெண்டு பாட்டிலை வாங்கி வண்டிப் பெட்டிக்குள்ள வச்சீங்களே. அப்பா வாயில ஒருநாளாவது வாடை அடிச்சுச்சான்னு பக்கத்தில் உக்காந்து பாத்திருந்தாத்தானே தெரியும்?

நான் மட்டும் யோக்கியமா? எனக்குத் தெரியும்ப்பா. உங்களைக் கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு, உச்சி வெயில்ல, எட்டுக் கால்விரலோட, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நின்னீங்க. எண்பது தாண்டின வயசு. "குடிக்காத மனுசனுக்கு எதுக்குப்பா இந்தப் பாடு?"ன்னு வஞ்சேன்.

"இது இருந்தாத்தான் பயலுக வாரானுக தாயி. வந்தா உங்கம்மா கோழி அடிப்பா. ஒருவேளை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம்ல? அண்ணன்மாருகிட்டச் சொல்லிறாத, சங்கடப்படுவானுக."

சங்கடப்படுவானுகளாம். "உங்களைப் பாக்கணும் போல இருக்கு, வாங்கடா"ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையேப்பா. எல்லையில துப்பாக்கிக்குப் பயப்படாதவருக்குப் பெத்த பிள்ளைக வராமப் போயிருவானுகளோன்னு அம்புட்டுப் பயமா? நீங்கதான் அவங்களைக் கெடுத்தீங்க. நான் வாயை மூடிக்கிட்டு அதுக்குத் துணை போனேன்.

காரியம் முடிஞ்சு இலையைக்கூட எடுக்கலை, அதுக்குள்ள பெரியண்ணன் ஒரு ஃபாரத்தை நீட்டுறான். "அப்பாவோட கேண்டீன் கார்டை அம்மா பேருக்கு மாத்திரலாமாம். கைநாட்டு மட்டும் வச்சாப் போதும்." அம்மா அதை வாங்கி உங்க டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுருச்சு. அதுக்கப்புறம் மூணு முதல் ஞாயிறு போச்சு. மூணுக்கும் அம்மா கோழி அடிச்சுக் குழம்பு வச்சுச்சு. ஒருத்தனும் வரலை. "கடையில வேலை", "வண்டி ரிப்பேரு". குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தோம்.

போன வாரம் நான் போனப்ப அம்மா மடியில அந்த ஃபாரம். "இதுல எங்க தாயி கைநாட்டு வைக்கணும்?"

"எதுக்கும்மா உனக்கு அது?"

"உங்கப்பா எதுக்கு வரிசையில நின்னாரோ, அதுக்குத்தான்."

அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குப்பா! இத்தனை வருசமும் தெரிஞ்சே கோழி அடிச்சிருக்கு. சுவத்தைப் பிடிக்காம எந்திரிக்க முடியாத மூட்டை வச்சுக்கிட்டு, இப்ப அந்த வெயில்ல நிக்கப் போகுதாம்.

ஃபாரத்தைப் பிடுங்கிக் கிழிச்சிட்டேன். அம்மா எங்கூடப் பேசலை. "இனி அவனுக வராமப் போனா அது உன்னாலதான்"னு சொன்னதோட சரி. அது நெசமாவும் இருக்கலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு.

அண்ணே, ரெண்டு பேரும் இதைப் படிச்சீங்கள்ல? வர்ற முதல் ஞாயிறும் அம்மா கோழி அடிக்கும். பாட்டில் இருக்காது. அம்மா மட்டும்தான் இருக்கும்.

அப்பா, அண்ணன்மாருகிட்டச் சொல்லாதன்னு நீங்க கேட்டுக்கிட்டதை மீறிட்டேன். அதுக்குப் பதிலா ஒண்ணு தாரேன். அம்மாவை அந்த வரிசையில நிக்க விடமாட்டேன். உங்க வருசத் திதிக்கு இலையில, பட்டாளத்திலிருந்து நீங்க கொண்டுவந்த பழக்கப்படி, சப்பாத்தியும் பச்சை வெங்காயமும் ஒரு லோட்டா டீயும் இருக்கும். யாரு வந்தாலும் வராட்டியும், உங்களுக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்ச ஒருத்தி வச்சதா இருக்கும்.

உங்ககூட வரிசையில நின்னும் வாய் திறக்காம இருந்த மக,
செல்வி